பட்டம்மாள் அளந்த சைபர்

பட்டம்மாள் மழைக்குப் பயந்தவள் அல்ல. மழை பெய்யாத நாளைக் கண்டால்தான் அவளுக்குப் பயம். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவர்கூட அவளைப்போலப் பதினாறு வருஷமாகத் தினமும் காலை எட்டரை மணிக்கு மழையை அளந்தவர் இல்லை.

மாதனூருக்கு எதிர்க்கரையில், பாலாற்றை ஒட்டி ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் வருவாய்த் துறை அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பது அவள் வேலை. அலுவலகத்துக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் மழைமானி நிற்கிறது. அதை அளக்கவேண்டியவர் யாரோ, அளப்பவள் பட்டம்மாள். எந்த அலுவலகத்தில்தான் அப்படி இல்லை? புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துக் கோட்டைப் பார்க்கவேண்டும். பெய்யாத நாளிலும் சும்மா விடக்கூடாது. சைபர் என்று நோட்டில் எழுதி, சைபர் என்று போனிலும் சொல்லவேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவள் அளந்தது அந்தச் சைபரைத்தான்.

அவள் பிறந்தது ஜவ்வாது மலையடிவாரத்தில். அங்கே சாயங்காலம் மலைமேல் மேகம் உட்கார்ந்தால் ராத்திரிக்குள் கூரை ஒழுகும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், அதே மேகம் அதே மலைமேல் உட்கார்ந்திருப்பதை இங்கிருந்தும் பார்த்தாள். துணியை எல்லாம் அவசரமாக உள்ளே எடுத்துப் போட்டாள். ஒரு சொட்டு விழவில்லை. மாமியார் ஒரு மாசம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இருபது மைல் தூரத்துக்குள் வானம் இப்படி ஓரவஞ்சனை செய்யுமா என்று பட்டம்மாளுக்கு ஆச்சரியம். பிறகு பழகிவிட்டது. ஆடியில் மேற்கே கொட்டும் மழை மலைகளைத் தாண்டி இங்கே வருவதற்குள் காற்றாகிவிடும். ஐப்பசியில் கிழக்கே சென்னை முழங்கால் தண்ணீரில் நிற்கும். இங்கே ரோட்டில் புழுதி பறக்கும். இரண்டு பருவத்துக்கும் இந்த ஊர் பந்தியில் கடைசி இலை.

செல்போன் வந்தபிறகு மாவட்டம் முழுவதற்கும் காலையில் ஒரு பட்டியல் வர ஆரம்பித்தது. ஆலங்காயம் அறுபத்து நாலு மில்லிமீட்டர், வாணியம்பாடி இருபத்தொன்று, ஆம்பூர் மூன்று, நம்ம ஊர் சைபர். இப்படி ஒரு நாள் இருக்கும். மறுநாள் அப்படியே புரண்டிருக்கும். பட்டம்மாள் அந்தப் பட்டியலை ஜாதகம் பார்ப்பவள்போலப் பார்ப்பாள். பட்டியல் மாவட்ட எல்லையோடு முடிந்துவிடும். பாலாறு அங்கே பிறக்கவில்லையே. அது கர்நாடகாவில் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் நடந்து, அப்புறம்தான் இங்கே வருகிறது. ஊரில் பெய்யும் மழைக்கும் ஊர் ஆற்றில் வரும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இதை அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசிக் காலை. அவள் புருஷன் அருணகிரி தோல் பதனிடும் டேனரியில், தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டுகிற வேலை பார்த்தான். அரை ஏக்கர் நிலமும் இருந்தது. அதற்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஆற்று மணலில் தோண்டிய கிணற்றில் இறக்கியிருந்தான். மேலே எங்கேயோ ஆறு வருகிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. "ஆத்துல எறங்கி மோட்டார எடுத்துட்டு வந்துடலாமா?" என்று அவளைக் கேட்டான். அவள் அப்போதுதான் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வானத்தப் பாரு, ஒரு மேகம் இல்ல. மானியில சைபர். பயப்படாம போய்ட்டு வா" என்றாள். மோட்டார் இரண்டாம் நாள் கிடைத்தது. அருணகிரி மூன்றாம் நாள்.

அன்றைக்கு எழுதிய சைபர் இன்னும் அந்தப் பழைய நோட்டில் இருக்கிறது. தவறாக அளந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் அவளை அரித்தது. சரியாக அளந்து புருஷனை அனுப்பிவைத்தவள் அவள்.

அதற்குப் பிறகு அவள் ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தில் கால் வைக்கவில்லை. ஆம்பூருக்குப் போகவேண்டுமானால் பதினோரு கிலோமீட்டர் சுற்றி, உயரப் பாலம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில்தான் போவாள். அவளுக்கு மிச்சமிருந்தது மகள் சங்கீதா ஒருத்திதான். அவளோ ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்துவிட்டாள். கம்பெனி பஸ் தினமும் இரண்டு தடவை அந்தத் தரைப்பாலத்தின்மேல்தான் போகிறது. சுற்றிப் போனால் நாற்பது நிமிஷம் கூட ஆகும். பஸ்ஸில் போகும் நாற்பது பெண்களும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

பஸ் ஓட்டுபவன் ஆல்வின். முப்பது வயது, ஆம்பூர்க்காரன். பட்டம்மாள் மழை அளப்பவள் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். காலையில் பஸ்ஸை நிறுத்தியதும் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாக்கா, எவ்ளோ?" என்பான். அளக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்; ராத்திரி பெய்ததை வைத்து அவள் குத்துமதிப்பாகச் சைபர் என்றால் தரைப்பாலம். ஏதாவது எண் சொன்னால் யோசிப்பான். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக நாற்பது பேரும் அவள் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "நம்மூர் மழைய வெச்சி ஆத்தப் பாக்காத தம்பி" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். யார் கேட்டார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு கேட்கும். அதில் சங்கீதாவின் குரலும் இருக்கும்.

மேலே என்ன பெய்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அருணகிரியோடு ஒரே டேனரியில் வேலை பார்த்த சமீருல்லா இப்போது லாரி ஓட்டுகிறார். கோலார் பக்கத்திலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு வருவார். தோல் லாரிக்காரரைப்போல மழையைக் கவனிப்பவர் கிடையாது. தார்ப்பாய் ஒழுகினால் உப்பு கரைந்துவிடும், உப்பு கரைந்தால் தோல் நாறிவிடும். தோஸ்த்தைப் புதைத்த நாளிலிருந்து, மேலே பெரிய மழையைப் பார்த்தால் பட்டம்மாளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். ஆறேழு மணி நேரத்திலும் தண்ணீர் வந்துவிடும், ஒரு நாளும் ஆகும், வழியிலேயே மணல் குடித்தும் விடும். ஆனாலும் செய்தி வந்த நாளில் சங்கீதாவை அவள் வேலைக்கு அனுப்ப மாட்டாள். வீட்டில் சண்டை நடக்கும். நடக்கட்டும் என்று இருப்பாள்.

போன ஐப்பசியில் அந்தச் செய்தி வந்த நாள், அவள் போனைப் பார்க்கவில்லை.

அன்று அலுவலகத்துக்கு மேலதிகாரி வருவதாக இருந்தது. விடியற்காலையிலேயே போனை சார்ஜில் போட்டுவிட்டு ஒட்டடை அடித்தாள். ஏழரைக்கு பஸ் வந்தபோது விளக்குமாற்றோடு ஓடிவந்து மகளை ஏற்றிவிட்டாள்.

"இன்னாக்கா, எவ்ளோ?" என்றான் ஆல்வின்.

"இன்னும் அளக்கல. ராத்திரி ஒரு சொட்டு இல்ல. சைபர்தான்."

பஸ் போய்விட்டது. எட்டரைக்கு அளந்தாள். ஜாடியில் தூசிகூட ஈரமாகவில்லை. அதிகாரி வந்தார், டீ குடித்தார், போனார். கோப்புகளை மறுபடி அடுக்கி, பாத்திரம் கழுவி, சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அவள் போனைக் கையில் எடுத்தாள். சமீருல்லாவின் செய்தி காலை ஏழு நாற்பதுக்கு வந்து கிடந்தது.

"அண்ணி, ராத்திரி பூரா இங்க ஜாஸ்தி மழ. லோடுல உப்பெல்லாம் கரைஞ்சி ரோட்ல ஓடுது. தடுப்பணை ரொம்பி மேல வழியுது, என் கண்ணால பாத்தேன். ஆறு வரும். புள்ளைய அனுப்பாதீங்க."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பத்து மணி நேரம். அந்தத் தண்ணீர் பத்து மணி நேரமாக நடந்துவந்துகொண்டிருக்கிறது.

கம்பெனியில் தையல் லைனுக்குள் செல்போன் கூடாது, கேட்டில் கொடுத்துவிடவேண்டும். ஐந்தேகாலுக்கு வேலை முடியும். மூன்று தடவை அடித்தபிறகு சங்கீதா எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"சங்கீதா, தரைப்பாலத்து மேல வராதீங்க. ஆல்வின்கிட்ட சொல்லு, சுத்திக்கினு வரச் சொல்லு. ஆறு வருது."

"அம்மா, தெனமும் உன்னோட பேஜாரா இருக்குது. ஜன்னல்ல வானம் தெரியுது, பளபளன்னு இருக்குது. எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்க. வை."

"அடியே, சமீரு பாய்..."

போன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. ஆல்வின் வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டான். நல்ல பிள்ளை, அதுவே இப்போது எமனாக இருந்தது. கம்பெனி கேட்டுக்கு அடித்தாள். "பஸ் போய்டுச்சிம்மா. மழையே இல்லியே, எதுக்குப் பயப்படுறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஆற்றுக்கு ஓடினாள். கரையில் வசந்தின் டீக்கடை. நாலு பேர் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் வந்திருந்தது. அதன்மேல் நுரை. பஞ்சு மெத்தையைக் கிழித்துக் கொட்டியதுபோல முழங்கால் உயரத்துக்கு நுரை வந்து தரைப்பாலத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வசந்து, ஆறு வருதுடா" என்றாள்.

"ஆறு இல்லக்கா. எவனோ டேனரில கழிவுத்தண்ணிய தொறந்து வுட்டுட்டான். எப்பவும் மழ வந்தா அதுல கலந்து வுடுவானுங்க. இப்ப மழ இல்லாமலே வுட ஆரமிச்சிட்டானுங்க" என்றான் வசந்த். ஒருவன் போனில் நுரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் நுரை என்றால் டேனரி. பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். எத்தனை மனு, எத்தனை மறியல். பாலாற்றில் நுரையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டித்தான் அவர்களுக்குப் பழக்கம். நுரைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துப் பழக்கமில்லை.

பட்டம்மாள் மூக்கைப் பொத்தவில்லை. மோந்து பார்த்தாள். புருஷன் உடம்பில் இருபது வருஷம் அந்தக் கழிவு நாற்றத்தை மோந்தவள். இதில் லேசாக அது இருந்தது. அதற்கு மேலே புதுச் செம்மண் வாசனை இருந்தது. இந்த ஊர் மண் செம்மண் இல்லை.

எதிர்க்கரையில் ரோடு இறங்கும் இடம் தெரிந்தது. பஸ் இன்னும் வரவில்லை. இந்தக் கரையில் நின்று கையை ஆட்டினால் ஆல்வினுக்குத் தெரியாது. தெரியும்போது பஸ் நடுப்பாலத்தில் இருக்கும். யாரையாவது போகச் சொல்லலாம் என்று திரும்பினாள். வசந்த் டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

பத்து வருஷத்துக்குப் பிறகு பட்டம்மாள் தரைப்பாலத்தில் கால் வைத்தாள்.

ஓடவேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. ஆறு வரும் பக்கம் பார்க்கக்கூடாது என்று நேரே பார்த்து நடந்தாள். பாலத்துக்கு அடியில் போட்ட சிமென்ட் குழாய்களில் தண்ணீர் கொரகொரவென்று நுழைகிற சத்தம் உள்ளங்காலில் ஏறியது. வானம் சுத்தமாக இருந்தது. கடைசி வெயில் ஏலகிரிப் பக்கம் மஞ்சளாக நின்றது. அதே வானம். அன்றைக்கும் இதே மாதிரி ஒரு மேகம் இல்லாமல்தான் இருந்தது. எந்த இடத்தில் கிணறு இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். "நான்தான் போகச் சொன்னேன், நான்தான் போகச் சொன்னேன்" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

நடுப்பாலத்தில் காலில் ஏதோ மெத்தென்று மிதிபட்டது. அலறி நின்றாள். குனிந்து பார்த்தாள். தக்காளி.

ஒன்று இல்லை. நுரைக்குள் சிவப்பு சிவப்பாக நூற்றுக்கணக்கில் மிதந்து வந்தன. காயும் பழமுமாக, சிலது செடியோடு. மாதனூர் பக்கம் இப்போது யாரும் தக்காளி போடவில்லை. இந்த வட்டாரத்துச் சந்தைக்கெல்லாம் தக்காளி வருவதே மேலே கோலார் பக்கத்திலிருந்து. யாருடைய தோட்டமோ வேரோடு கிளம்பி இங்கே வந்திருக்கிறது. தோட்டத்தைக் கொண்டுவந்த தண்ணீர் இன்னும் பின்னால் வருகிறது.

ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு அப்போதுதான் ஓடினாள். எதிர்க்கரையில் ஏறும்போது அவள் பாதம் நனைந்திருந்தது. பஸ் ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றாள். ஆல்வின் பிரேக் போட்ட வேகத்தில் உள்ளே பெண்கள் கத்தினார்கள்.

"இன்னாக்கா, சாவப் போறியா?" என்றான் இறங்கி வந்து.

"ஆறு வருது. வண்டியத் திருப்பு."

"காலைல நீதான சைபர்னு சொன்ன?"

அவளுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. தக்காளியை அவன் கையில் வைத்தாள்.

"பாலத்துல மெதக்குது. நம்மூர்ல எவன் போட்டிருக்கான் தக்காளி? சொல்லு."

ஆல்வின் தக்காளியைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். தண்ணீர் பாலத்தின்மேல் விரலளவுக்குத்தான் பளபளத்தது. பஸ்ஸின் சக்கரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இன்ஜினை அணைத்தான்.

"அஞ்சு நிமிஷம் பாக்கலாம்" என்றான்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்தும் ஆனது. ஒன்றும் வரவில்லை. பெண்கள் இறங்கி நின்று பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி குழந்தையைக் கூட்டிவரவேண்டும், ஒருத்திக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். "இந்தம்மாவுக்கு தெனம் இதே வேலையாப் போச்சி" என்றாள் ஒருத்தி. அது சங்கீதாவின் காதில் விழுந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நவுரு. நான் நடந்தே போறேன். விரல் முழுவாத தண்ணிக்கு ஊரக் கூட்டி வெச்சிருக்கிற. கம்பெனில நாளைக்கு நான் எப்படி மூஞ்சி காட்டுறது?"

"சங்கீதா, வேணாம்."

"அப்பா செத்தா நானும் சாவணுமா? உன் பயத்துல நான் வாழ முடியாது."

தாயைத் தாண்டிப் பாலத்தில் இறங்கினாள். பத்தடி போயிருப்பாள். பட்டம்மாள் பின்னாலேயே பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சங்கீதா உதறினாள். பட்டம்மாள் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பின் முழு பாரத்தையும் அந்தக் கையில் தொங்கவிட்டாள். பிடியை விடவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. மழைச் சத்தம்போலத்தான் முதலில் இருந்தது. தூரத்தில் கூரைமேல் மழை விழுகிற சத்தம். எல்லோரும் வானத்தைத்தான் பார்த்தார்கள். ஆல்வின் ஒருவன்தான் ஆற்றைப் பார்த்தான். ஓடிவந்து இரண்டு பேரையும் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான்.

வளைவில் மணலே எழுந்து வருவதுபோலச் சிவப்பாக வந்தது. ஆள் உயரம் இருக்கும். முன்னால் நுரை, நுரைக்குள் முள்மரம், தென்னங்கீற்று, உடைந்த கூடை, தக்காளி. பாலத்தின் ஓரக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சங்கீதா நின்ற இடம் மறைந்தது. எதிர்க்கரையில் வசந்தும் மற்றவர்களும் கடையை விட்டு மேலே ஓடுவது தெரிந்தது.

"அம்மா, கைய வுடும்மா, வலிக்குது" என்றாள் சங்கீதா கொஞ்ச நேரம் கழித்து, மிக மெதுவாக. பட்டம்மாளால் விரலைப் பிரிக்க முடியவில்லை. ஆல்வின்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். பஸ் உயரப் பாலம் வழியாகச் சுற்றிப் போனது.

மறுநாள் காலை எட்டரைக்குப் பட்டம்மாள் மழைமானியின் புனலைத் தூக்கினாள். ஆற்றின் இரைச்சல் அலுவலகத்தின் பின்சுவர் வரை கேட்டது. மானிக்குள் ஒன்றும் இல்லை. ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தாள். நோட்டில் எழுதும்போது சைபரின் வட்டம் கோணலாக விழுந்தது. மாவட்ட ஆபீஸிலிருந்து போன் அடித்தது.

"அளவு சொல்லுங்கம்மா."

"சைபர் சார். ஆனா ஆறு..."

"சைபர். சரி. அப்ப உங்க ஊர்ல பயப்பட ஒண்ணுமில்ல" என்று அந்தக் குரல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

பட்டம்மாள் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு நடந்தாள். சங்கீதா இன்னும் எழுந்திருக்கவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அவள் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம் நீலம் பாரித்திருந்தது. பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரல்களை அந்தத் தடத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். சங்கீதா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எவ்ளோம்மா?"

"இங்க சைபர்தான். அங்க மேல எவ்ளோன்னு இன்னும் தெரியல."

சங்கீதா கையை இழுத்துக்கொள்ளவில்லை.